எலி உள்ளே இருக்கும்வரை எழுந்து போகாதீர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை பாம்புக்காக, இரண்டாவது முறை உங்கள் அம்மாவுக்காக. 14 வயது மகன் பிடிவாதம் பிடித்து வாங்கிய பால் பைத்தான் (ball python). கும்பகோணத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அம்மா. செத்த எலியை ஃப்ரீசரில் வைத்தால் அந்த ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு வாய்த் தயிர்கூடத் தொடமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டது. அதனால் வாராவாரம் கடையிலிருந்து உயிருள்ள எலியை அட்டைப்பெட்டியில் வாங்கிவருவது. எதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் கேட்டது ஒரே கேள்வி: உயிருள்ள எலியைப் பாதுகாப்பாகப் போடுவது எப்படி?

"பாதுகாப்பாக" என்று எழுதியபோது மகனின் விரல்கள்தான் உங்கள் மனதில் இருந்திருக்கும். அதற்கும் வருகிறேன். ஆனால் முதலில் பாம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கண்ணாடித் தொட்டிக்குள் கடிபடக்கூடியது பாம்புதான். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

என் வீட்டில் பொன்னி என்று ஒரு பால் பைத்தான் இருக்கிறாள். ஒஹாயோவில் நாங்கள் வீடு எடுத்த முதல் குளிர்காலத்தில் அவளுக்கு மூன்று வயது. ஐந்து வாரமாக எதையும் தொடவில்லை. சாப்பிடாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் தினமும் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நடுத்தர அளவு எலி ஒன்றை வாங்கிவந்து தொட்டிக்குள் விட்டேன். பொன்னி தலையைத் தூக்கிப் பார்த்தாள். நாக்கை நீட்டினாள். மறுபடியும் சுருண்டுகொண்டாள். கொஞ்ச நேரம் விட்டால் தானாகப் பிடிப்பாள் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து, அதிகாலையில் எழுந்துவிடும் சித்தி ஊரிலிருந்து போன் செய்தார். பேசி முடித்து, சமைத்து, சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். இரவில் இரை தேடும் பாம்புதானே, இருட்டினால் பிடித்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

காலையில் போய்ப் பார்த்தபோது பொன்னி பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே புதைத்திருந்தாள். எலி அவள் மேலேயே உட்கார்ந்திருந்தது. அவள் முதுகின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குத் தோலும் இல்லை, சதையும் இல்லை. விலா எலும்புகளின் முனைகள் வெள்ளையாகத் தெரிந்தன.

அவள் தப்பி ஓடவும் இல்லை, திருப்பிக் கடிக்கவும் இல்லை. பயந்தால் பந்தாகிவிடும் என்பதால்தான் அந்த இனத்துக்கே பால் பைத்தான் என்று பெயர். பெரிய விலங்கு எதிரே வந்தால் தலையைக் காப்பாற்ற அது நல்ல வழி. விடாமல் கொறிக்கும் பற்களுக்கு முன்னால் அது வெறும் முதுகைக் காட்டிக்கொண்டு கிடப்பதுதான்.

பிறகுதான் கவனித்தேன். தொட்டிக்கு அடியில் இருந்த வெப்பத் தகட்டின் தெர்மோஸ்டாட் பழுதாகியிருந்தது. 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டிய சூடான பக்கம் 22-ல் நின்றது. ஐந்து வாரப் பட்டினிக்குக் காரணம் அங்கேதான் இருந்தது. உடல் குளிர்ந்த பாம்புக்குச் செரிக்காது. செரிக்காது என்பதால் இரையைப் பிடிக்காது. தன்னைக் கடிக்கும் வாயிலிருந்து விலகிக்கொள்ளும் சுறுசுறுப்பும் அதற்கு இருக்காது. எலிக்கோ 12 மணி நேரம் தின்ன எதுவுமில்லை. பசி அதை அருகில் இருந்த சதைக்குக் கொண்டுபோனது. அந்த எலி மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை.

ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் 70 மைல் ஓட்டிக்கொண்டு போனோம். புண்ணைக் கழுவி, செத்த சதையை நீக்கி, மூட முடிந்த இடத்தை மூடித் தையல் போட்டார். 72 மணி நேரத்துக்கு ஒருமுறை போடும் செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக் ஊசியை நானே போடக் கற்றுக்கொண்டேன். ஊர்வனவற்றின் தோல் மெதுவாகத்தான் ஆறும். தையலை வாரக்கணக்கில் விட்டுவைக்க வேண்டியிருந்தது. நான்கு முறை சட்டை உரித்த பிறகே அந்த இடம் மூடியது. இன்றும் அங்கே ஒழுங்கான செதில் இல்லை, வழவழவென்று ஒரு சாம்பல் நிறத் தழும்புதான். அதன் பிறகு உயிருள்ள எலி எதிரே வந்தால் பொன்னி பின்னால் நகர்ந்துபோனாள்.

இப்போது உங்கள் மகன் கேட்டதற்கு வருகிறேன். "காட்டில் அது உயிரோடு இருப்பதைத்தானே தின்கிறது?" என்று அவன் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதட்டி அடக்கிவிடாதீர்கள், உட்கார வைத்துப் பேசுங்கள்.

இந்தப் பாம்பின் சொந்த மண் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் நாடுகளின் புல்வெளிகளிலும் வயல்களிலும் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பதுங்கி வாழ்கிறது. நைஜீரியாவின் தென்கிழக்கில் செய்த ஓர் ஆய்வில், சிறிய பாம்புகளும் ஆண் பாம்புகளும் எலியைவிடப் பறவைகளை அதிகம் பிடித்ததும் தெரியவந்தது. எதைப் பிடித்தாலும் அது துரத்திப்போய்ப் பிடிப்பதில்லை. அசையாமல் கிடந்து காத்திருந்து பிடிக்கும். எப்போது பாய்வது என்பதைப் பாம்பு முடிவு செய்கிறது. உடம்பு சூடாக இருந்தால், பசி இருந்தால், தூரம் சரியாக அமைந்தால் பாய்கிறது. இல்லையென்றால் எலி தன் வழியே போய்விடுகிறது. பசியில்லாத பாம்பின் பக்கத்தில் ஓர் எலி இரவு முழுக்கப் பட்டினியாக உட்கார்ந்திருப்பது காட்டில் நடக்காத காரியம். நான்கு கண்ணாடிச் சுவர்களும் ஒரு மூடியும் சேர்ந்துதான் அதை நடத்திவைக்கின்றன. சுவர்களை வைத்தது நாம். அதனால் அவற்றுக்குள் நடப்பதற்கு நாம்தான் காவல்.

இன்னொன்றையும் அவனுக்குச் சொல்லுங்கள், அறிவியலில் ஆர்வமுள்ள பையன் என்கிறீர்களே. சுற்றி இறுக்கும் பாம்பு இரையை மூச்சுத் திணற வைத்துக் கொல்கிறது என்றுதான் நாம் எல்லோரும் படித்தோம். 2015-ல் அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரி ஆய்வாளர்கள், மயக்க மருந்து கொடுத்த எலிகளின் இரத்தக் குழாய்களில் கருவி பொருத்திப் போவா பாம்புகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். இறுக்கத் தொடங்கிய 6 விநாடிக்குள் எலியின் இரத்த அழுத்தம் பாதியாக விழுந்தது. நிற்பது மூச்சு அல்ல, இரத்த ஓட்டம். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு அதே குழு செய்தது இன்னும் வியப்பானது. செத்த எலிக்குள் துடிக்கும் செயற்கை இதயத்தை வைத்துக் கொடுத்தார்கள். துடிப்பு இருக்கும்வரை பாம்பு இறுக்கத்தைத் தொடர்ந்தது. இரையின் நெஞ்சுத் துடிப்பைத் தன் உடலால் உணர்ந்து, அது நின்ற பிறகே விடுகிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பக்கம் ஆறுதல். பிடி சரியாக விழுந்தால் எலியின் வேதனை சீக்கிரம் முடிகிறது. ஆனால் எல்லாம் அந்தப் பிடியில்தான் இருக்கிறது. பிடி நெஞ்சைச் சுற்றி விழ வேண்டும். பாம்பு பின்பக்கத்தைக் கவ்வி இடுப்பைச் சுற்றிக்கொண்டால், எலியின் தலையும் முன்னங்கால்களும் வெளியே நிற்கும். கூர்மையான முன்பற்களும் வெளியேதான். வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் பற்கள் அவை, கொட்டையின் ஓட்டை உடைக்கக்கூடியவை. பாம்பின் கண்ணுக்கு இமை கிடையாது. ஒரு கடி போதும்.

எலி கத்தவில்லையே, பயப்படவில்லை போலிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வளர்ந்த எலி அபாயத்தை உணரும்போது ஏறத்தாழ 22 கிலோஹெர்ட்ஸ் அளவில் குரல் எழுப்புகிறது. மனிதக் காது 20-க்கு மேல் கேட்காது. உங்கள் வீட்டு ஹாலில் அது கத்தியிருக்கலாம், யாருக்கும் கேட்டிருக்காது.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உறைந்த எலிக்குப் பழக்கும்வரை, இன்னும் சில வாரமாவது உயிருள்ளதைத்தான் போட வேண்டியிருக்கும். அந்த மாலைகளை இப்படி நடத்துங்கள்.

எலியின் அளவிலிருந்து தொடங்க வேண்டும். பாம்பின் உடம்பு எங்கே அதிகம் பருத்திருக்கிறதோ, அந்தப் பருமனைத் தாண்டாத எலி. உங்கள் பாம்பு 400 கிராம் என்று எழுதியிருக்கிறீர்கள். வளரும் வயது, ஆகையால் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடினால் 60 கிராம்வரை. அதற்கு மேல் வேண்டாம். உயிருள்ள இரை என்றால் நான் எப்போதும் ஒருபடி சிறியதையே சொல்வேன். பெரிய எலி ஒன்றைவிடச் சிறிய சுண்டெலி இரண்டு மேல், ஆனால் ஒன்றை விழுங்கி முடித்த பிறகே அடுத்தது. இரண்டையும் ஒன்றாக விட்டால், ஒன்றைப் பாம்பு சுற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று அதன் முதுகில் வேலையைத் தொடங்கிவிடும். கண் திறக்காத குட்டிகளால் பாம்புக்கு ஆபத்து இல்லை. பிறந்து இரண்டு வாரம் ஆனால் கண் திறந்துவிடும், அதற்குப் பிறகு ஒவ்வொரு எலியையும் கடிக்கத் தெரிந்த எலியாகவே நினையுங்கள். கொல்லைப்புறத்திலோ கராஜிலோ பொறியில் சிக்கிய எலியை மட்டும் எந்த நிலையிலும் கொடுக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் யாரோ வைத்த எலி மருந்து அதன் ஈரலில் இருக்கும், அங்கிருந்து பாம்புக்குள் போகும். ஒட்டுண்ணிகளும் கூடவே வரும்.

வாங்கிவந்த எலியை நேராகத் தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் அதற்குத் தின்னக் கொடுங்கள். ஒரு கைப்பிடி எலித் தீவனம், ஒரு துண்டு ஆப்பிள், தண்ணீர். இதைச் சொன்னால் பலர் விசித்திரமாகப் பார்க்கிறார்கள். வயிறு நிறைந்த எலி கொறிக்கத் தேடாது என்பது ஒரு காரணம். சாகப்போகும் உயிருக்கு ஒரு வேளைச் சோறு போடுவது நம் ஊரில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்த விஷயம் என்பது எனக்கு இன்னொரு காரணம்.

எலி தின்றுகொண்டிருக்கும் நேரத்தில் பாம்பைப் பாருங்கள். கண்கள் பால் கலந்த நீலமாக மங்கியிருந்தால் அது சட்டை உரிக்கப் போகிறது, பார்வையும் மங்கல்; அன்றைக்கு இரை வேண்டாம். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 24 முதல் 27. தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வெப்பமானியில் பாருங்கள். நான் அன்று செய்யாதது இதைத்தான். பால் பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும், குளிர்காலத்தில் குறிப்பாக வளர்ந்த ஆண் பாம்புகள். எடை குறையாமல், வெப்பம் சரியாக இருந்தால் அது நோய் அல்ல. பாம்பு பதுங்கும் பெட்டியின் வாசலில் தலையை வைத்து, நாக்கை நீட்டி நீட்டிக் கவனித்துக்கொண்டிருந்தால் அதுவே பசிக்கு அடையாளம்.

விளக்குகளைக் குறைத்துவிடுங்கள். எலியை ஒரு சின்ன டப்பாவில் வைத்து, பாம்பின் தலைக்கு எதிர்ப்பக்கத்தில் மெதுவாகச் சாய்த்து இறக்குங்கள். வாலின் நுனியைப் பிடித்துத் தூக்க வேண்டாம். தோல் உரிந்து கையோடு வந்துவிடும். உங்கள் கையில் ஓரடி நீளத்துக்குக் குறையாத இடுக்கி ஒன்று இருக்கட்டும், பக்கத்தில் கெட்டியான அட்டைத் துண்டு ஒன்று. போனை வேறு அறையில் வைத்துவிட்டு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். எலி உயிரோடு உள்ளே இருக்கும்வரை எழுந்து போகாதீர்கள். வாசல் மணி அடித்தாலும், குக்கர் விசில் அடித்தாலும், ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதீர்கள்.

பாம்பு தவறான இடத்தைக் கவ்விவிட்டால், எலியின் தலை பாம்பின் உடம்பை நோக்கித் திரும்பும். அந்த விநாடியில் இடுக்கியின் முனையை எலியின் வாய்க்கு முன்னால் கொடுங்கள். அது இடுக்கியைக் கடிக்கட்டும். பிடியைப் பிரிக்க முயலாதீர்கள், பாம்பை இழுக்காதீர்கள். தலையை மட்டும் தள்ளிப் பிடித்திருந்தால் போதும், மற்றதை அந்த இறுக்கம் பார்த்துக்கொள்ளும்.

பாம்பு பாயவே இல்லை என்றால்? 15 நிமிடம் பாருங்கள். அதற்கு முன்பே பாம்பு தலையைத் திருப்பிக்கொண்டாலோ, பின்வாங்கினாலோ, பந்தாகச் சுருண்டாலோ உடனே எலியை எடுத்துவிடுங்கள். அது "இன்று வேண்டாம்" என்று சொல்கிறது. எடுத்த எலியை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும். அதற்கென்று ஒரு கூண்டு, படுக்கத் தாள், தீவனம், தண்ணீர். தோட்டத்தில் கொண்டுபோய் விடுவது கருணை அல்ல. கூண்டில் பிறந்த எலிக்கு வெளியே வாழத் தெரியாது. எலி வளர்க்க எங்களால் முடியாது என்று தோன்றினால், உயிருள்ள எலியை வாங்கவும் உங்களால் முடியாது என்றுதான் அர்த்தம். கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள், இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

விழுங்கி முடித்த பிறகு இரண்டு நாள் பாம்பைத் தூக்க வேண்டாம், கக்கிவிடும்.

மகனின் விரல்களைப் பற்றி. பால் பைத்தானின் உதட்டோரத்தில் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும், அவற்றால் அது வெப்பத்தை உணர்கிறது. எலி வாசனை வீசும் கை, அதன் கணக்கில் சூடான எலி. எலியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கழுவாமல் தொட்டிக்குள் கையை விடக் கூடாது. பாம்பு கடித்தால் சின்னச் சின்ன ஊசிக் குத்துகள்தான், விஷமில்லை, கழுவினால் போதும். நான் அதிகம் பயப்படுவது எலிக்கடிக்கு. எலிக்கடிக் காய்ச்சல் என்று ஒன்று இருக்கிறது. பார்க்க நன்றாக இருக்கும் எலியின் வாயிலும் அந்தக் கிருமி குடியிருக்கும். மகனுக்குக் கடிபட்டால் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், எலி கடித்தது என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

பாம்புக்குக் கடிபட்டால், சிறிய கீறலானாலும் போவிடோன் அயோடினை நீரில் கலந்து, பால் விடாத லேசான டீயின் நிறத்துக்கு வந்ததும் அதைக்கொண்டு கழுவுங்கள். தொட்டியின் அடியில் பரப்பியிருக்கும் தூளையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் காகிதத் துவாலையை விரியுங்கள். மரத்துப்போக வைக்கும் மருந்து கலந்த களிம்பு எதையும் தடவாதீர்கள். ஆழமான கடி என்றால், கண் அல்லது வாய் என்றால், விடியும்வரை காத்திருந்து பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம். நாய் பூனை பார்க்கும் எல்லோரும் பாம்பு பார்க்க மாட்டார்கள். ஊர்வன பார்ப்பவர் உங்கள் ஊருக்கு அருகில் யார் என்று இன்றைக்கே தேடி, எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு, என் ஆசையை மறைக்க வேண்டியதில்லை. இந்த நாற்காலிக் காவலை உங்கள் வீட்டில் சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்பதுதான் அது. முறையாக, வேதனையில்லாமல் கொன்று உறைய வைத்த எலியை விற்கிறார்கள். பிரிட்டனில் பாம்பு வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் கொடுக்கிறார்கள். அது திருப்பிக் கடிக்காது, பயந்து நடுங்காது, பாம்பு மறுத்தால் மறுநாள் அதற்கு உணவு தேட வேண்டியதில்லை.

பால் பைத்தான் பிடிவாதமான இனம், ஒரே நாளில் மாறாது. பொன்னியை மாற்ற எனக்கு ஏழு வாரம் ஆனது. முதல் நாள் எலியைக் கராஜில் பனிக்கட்டிப் பெட்டிக்குள் இரவு முழுக்க வைத்து உருக விடுவேன். மாலையில் ஜிப் பையில் போட்டு வெந்நீரில் வைப்பேன். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், சில இடம் வெந்தும் சில இடம் குளிர்ந்தும் இருக்கும், வெடிக்கவும் செய்யும். எலியின் மேல்தோல் 38 முதல் 40 டிகிரி வரவேண்டும். தலை இன்னும் ஒரு டிகிரி கூடுதலாக இருந்தால் பாம்பு தலைப்பக்கமாகவே கவ்வும். பிறகு ஈரத்தைத் துடைத்துவிட்டு, இடுக்கியால் இடுப்பைப் பிடித்து, பதுங்கும் பெட்டியின் வாசலுக்குக் குறுக்கே மெதுவாக நடத்துவேன், எலி நடப்பதுபோல. மூக்குக்கு நேராக ஆட்டினால் பயந்து உள்ளே போய்விடும். கவ்வி இறுக்கிய பிறகும் இடுக்கியால் லேசாக இரண்டு மூன்று முறை இழுத்துவிடுவேன். செத்த எலிக்குள் இதயம் வைத்த அந்த ஆய்வைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதைப் படித்த பிறகு வந்த பழக்கம் இது.

மறுத்தால் எடுத்து எறிந்துவிட்டு ஒரு வாரம் சும்மா இருங்கள். தினமும் போய் முயன்றால் பாம்பு வெறுத்துவிடும். உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். உயிருள்ள எலி இருந்த கூண்டின் படுக்கைத் தாளில் உருகிய எலியைப் புரட்டி எடுத்தால் வாசனை ஏறும், சில பாம்புகள் அதற்கே மயங்கிவிடும். நாம் இதில் தோற்பது பெரும்பாலும் நம் அவசரத்தால்தான்.

இனி உங்கள் அம்மா. அவர் சொல்வதை ஆசாரம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2010-ல் இங்கே பல மாநிலங்களில், பாம்புக்கு வாங்கிய உறைந்த எலிகள் வழியே சால்மோனெல்லா மனிதர்களுக்குப் பரவியது. குழந்தைகளும் நோயில் விழுந்தார்கள். உறைய வைத்தால் அந்தக் கிருமி சாவதில்லை, தூங்குகிறது. தயிரும் தேங்காய்த் துருவலும் இருக்கும் இடத்தில் எலி இருக்கக் கூடாது என்று அம்மா சொன்னால், மருத்துவரும் அதையேதான் சொல்வார். அதனால் வாதாடாதீர்கள். கராஜில் வைக்க ஒரு சின்ன ஃப்ரீசர் பெட்டி வாங்குங்கள். ஒருமுறை செலவு. உருக விடவும் சமையலறை ஃப்ரிட்ஜ் வேண்டாம், கராஜிலேயே பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்து மெதுவாக உருக விடலாம். பாத்திரம், இடுக்கி, தராசு எல்லாம் தனி. கழுவுவதும் சமையலறைத் தொட்டியில் அல்ல. நானும் இப்படித்தான் செய்தேன். என் மாமியார் வந்து தங்கிய எட்டு மாதமும் அவர் கராஜ் பக்கம் போகவில்லை, நானும் சமையலறைப் பக்கம் எலியைக் கொண்டுவரவில்லை, அந்த ஏற்பாட்டில் எங்களுக்குள் ஒரு வார்த்தை வரவில்லை. ஒரு மாலை மட்டும் பொன்னியின் தழும்பைப் பார்த்துவிட்டு, "இதற்கு வலித்திருக்குமே" என்றார். வலித்தது, நான் கவனிக்கவில்லை என்றேன். அதன் பிறகு தினமும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

உங்கள் சின்ன மகளுக்கு நான்கு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் ஊர்வனவற்றைத் தொடக் கூடாது என்பதுதான் இங்கே மருத்துவர்கள் சொல்வது, இந்தக் கிருமிக்காகவே. இரை போடும் அறைக்கு அவள் வர வேண்டாம். மூத்தவனை நிச்சயம் கூட உட்கார வையுங்கள். அவன் நண்பர்களைக் கூட்டிவந்து காட்ட ஆசைப்படுவான், அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். ஓர் உயிர் போவதைப் பார்க்க ஆள் சேர்க்கும் பழக்கம் அவனுக்கு வர வேண்டாம். கைதட்டலும் கேமராவும் இருந்தால் பாம்பும் சாப்பிடாது.

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் யாருக்காவது ஆசை வந்தால் ஒரு வார்த்தை: நம் மண்ணின் பாம்பு எதையும் பிடித்து வீட்டில் வைக்க 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. சாரைப்பாம்பு வயலில் எலி பிடிக்கட்டும், அங்கேயே இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் இன்னும் கேட்க வேண்டும். பால் பைத்தான் எத்தனை வருடம் இருக்கும் என்று கடையில் சொன்னார்களா? நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20, 30 வருடம். செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில் இருந்த ஒரு பெண் பால் பைத்தான் 2020-ல் முட்டையிட்டது. அப்போது அதற்கு 62 வயதுக்குக் குறையாது என்று கணக்கிட்டார்கள், குறைந்தது 15 வருடமாக ஆண் பாம்பின் பக்கமே அது போயிருக்கவில்லை. உங்கள் மகன் நான்கு வருடத்தில் கல்லூரிக்குக் கிளம்புவான். விடுதியில் பாம்பை அனுமதிக்க மாட்டார்கள். அப்போது இடுக்கியைப் பிடிக்கப் போகும் கை உங்களுடையது, இல்லையென்றால் உங்கள் மனைவியுடையது. கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது, எலி உள்ளே போகும்போது மாடிக்குப் போய்விடுவார் என்று. அவரை நினைத்தாவது உறைந்த எலிக்கு இப்போதே பழக்குங்கள். உருகிய எலியை இடுக்கியால் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். உயிருள்ள எலியை விட்டுவிட்டு முகத்தைத் திருப்ப முடியாது.

அடுத்த கடிதத்தில் பாம்பின் எடையையும், சூடான பக்கத்தின் வெப்பநிலையை மூன்று நாள் காலை மாலை குறித்தும் அனுப்புங்கள். மகனையே குறிக்கச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது சட்டை உரித்தது என்பதும் வேண்டும்.

பொன்னிக்கு இன்று இரை நாள். கராஜில் எலி உருகி முடிந்திருக்கும், வெந்நீர் வைக்கப் போகிறேன்.

அன்புடன்,
அக்கா